கூந்தலே சாட்சி

திண்டுக்கல்லில் வீட்டடுப்பில் கூந்தல் தைலம் காய்ச்சி விற்கும் இஞ்ஞாசி, ‘மூலிகைச் செம்மல்’ என்ற பட்டத்தைத் தனக்குத்தானே வழங்கி, பாட்டிலிலும் ஒட்டியிருந்தார்.

"நெலக்கோட்டை ரோஜா, ஆரஞ்சுத்தோலு, கரிசாலை. வேறெதுவும் கெடையாது. நம்பலைன்னா எஞ் சம்சாரத்தைப் பாரும்மா!"

ஏஞ்சலின் திரும்பி நின்று, முழங்காலைத் தொடும் பின்னலைக் காட்டினாள்.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்க்கா. முடி கொட்டுறது நின்னுருமா?" என்றாள் தைலம் வாங்க வந்த பெண்.

‘வாங்காதே தாயி’ என்று ஏஞ்சலினுக்கு வாய் வரை வந்தது. புருஷன் முறைத்தார்.

"நின்னுரும்" என்றாள்.

பெண் போனதும் ஏஞ்சலின் டோப்பாவைக் கழற்றினாள். ஒரு வருஷம் அந்தத் தைலத்தையே தேய்த்த தலையில் ஒரு முடிகூட இல்லை.

"பையக் கழட்டுடி! செத்துப்போன மூத்த சம்சாரத்தோட முடி. சவப்பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி நானே நறுக்குனது" என்று பதறி வாங்கினார் இஞ்ஞாசி. "நல்லவேளை, அவ இருந்தவரைக்கும் நான் தைலம் காய்ச்ச ஆரம்பிக்கலை!"