உம் கொட்ட ஒரு ஆள்

பொன்னுரங்கத்துக்கு அவசரமாக ஒரு நல்ல கதை தேவைப்பட்டது.

வடக்கனந்தலை அடுத்த அந்த ஊரின் பொதுக் கிணற்றுக்கு வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று ஆயில் இன்ஜின் கொடுத்திருந்தது. அமைப்பின் களப்பணியாளர் அவர்தான். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த மறியல் வாரத்தில் இன்ஜின் காணாமல் போனது. வெளியூர்த் திருடர்கள் லாரியில் ஏற்றிப் போய்விட்டதாக மேலே எழுதிவிட்டார். நம்பினால் விவகாரம் முடிந்தது. நம்பாவிட்டால் அவர் வேலை போகும். இன்ஜின் திரும்பாவிட்டால் ஊரின் கடலைப் பயிர் கருகும்.

திட்டத்தை மதிப்பிட வந்த எல்சா அம்மையார் ஒரு கணக்கையும் கேட்கவில்லை. திட்டத்தால் ஊருக்கு என்ன ஆனது என்று மக்களே கதையாகச் சொல்ல வேண்டுமாம். கதை நிஜம் என்று எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். பொன்னுரங்கமே வழி சொன்னார். எங்கள் பக்கம் கதைக்கு ஒருவர் உம் கொட்டுவார். விஷயம் தெரிந்தவர்தான் கொட்டுவார். பொய் வந்தால் வாயை மூடிக்கொள்வார்.

அம்மையார் மகிழ்ந்துபோனார்.

கதை சொல்லப் பொன்னுரங்கம் குஞ்சம்மாளைப் பிடித்தார். களையெடுப்பில் அவள் கதை ஆரம்பித்தால் வெயில் உறைக்காது. அடுத்த திட்டத்தில் முதல் கறவை மாடு அவளுக்குத்தான் என்றார். “ஆவட்டும் சார்” என்றாள். அவர் சொல்லிக்கொடுத்த லாரித் திருட்டுக் கதையில், ஒத்திகையின்போது ஒரு வார்த்தை பிசகவில்லை.

“மாட்டுக்கு எங்க தண்ணிய வித்துட்டியாடி?” என்று கூடக் களையெடுக்கும் பச்சையம்மாள் கேட்டபோது, அவள் குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினாள்.

புளியமரத்தடியில் ஊர் கூடியது. மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த சுபஸ்ரீ, உம் கொட்டுவது யார் என்று கேட்டாள்.

“சாரே கொட்டட்டும். அவருக்குத் தெரியாததா?” என்றாள் குஞ்சம்மாள்.

இதுவும் நல்லதுக்குத்தான் என்று பொன்னுரங்கம் முன்னால் வந்து உட்கார்ந்தார். கதை அவருக்கு மனப்பாடம். அம்மையாரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி வந்துச்சி. கொல்ல பச்சையாச்சி.”

“உம்.”

“பொண்ணுங்க கொடத்த எறக்கி வச்சிட்டு இஸ்கூலுக்குப் போச்சிங்க.”

“உம்.”

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னுரங்கத்தின் மனம் பதவி உயர்வுக்குப் போய்விட்டது.

“மறியல் வந்துச்சி. ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க.”

“உம்.”

“அப்ப லாரி எப்பிடி வரும்? மாட்டு வண்டிதான். ஏரிக்கர மேலயே போச்சி.”

“உம்.”

சுபஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். குஞ்சம்மாளின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“ரிஷிவந்தியத்துல சாரோட மாமனாரு கரும்புக் கொல்லையில அந்த இன்ஜின் இப்ப ஓடிக்கினு இருக்குது.”

ஊரே அவர் வாயைப் பார்த்தது.

“உம்” என்றார் பொன்னுரங்கம்.