போனிடெயிலுக்கு மூன்று கை

எப்பேர்ப்பட்ட ஒழுகும் குழாயையும் அடக்கிவிடும் அந்தப் பிளம்பருக்கு, மகளின் தலைமுடியிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. மனைவி உயிரோடு இருந்தவரை அது அவள் இலாகா. அவள் போன பிறகு இவர் கைக்கு வந்தது. போன வாரம் இவர் போட்டுவிட்ட போனிடெயில் ஒத்திகையின் பாதியிலேயே அவிழ்ந்துபோய், டான்ஸ் டீச்சர் பெண்ணை வெளியே உட்காரவைத்துவிட்டார். இன்றும் முடி பறந்தால் குழுவில் இடம் கிடையாது.

வெந்நீரில் கை நனைத்துத் தடவினார். ஜெல்லை அப்பினார். வழித்து வாரி, முடியைப் பின்னங்கழுத்தில் திரட்டிப் பிடித்தார்.

"அப்பா, இது தலை. பைப் இல்ல."

"ஆடாம நில்லும்மா. ரப்பர் பேண்ட் வாயில இருக்கு, முழுங்கிடப் போறேன்."

ஒரு கையில் சீப்பு, மறு கையில் முடி. ரப்பர் பேண்டை விரிக்க இரண்டு கையும் வேண்டும். கையை எடுத்தால் முடி சரிந்துவிடும். போன வாரம் மானம் போனதும் இந்த இடத்தில்தான்.

"இன்னிக்கு நல்லாப் பிடிச்சிருக்கீங்கப்பா," என்றாள் மகள். "அந்த ஜில்லுனு இருக்கிற கைய மட்டும் எடுத்துடாதீங்க."

அவருடைய இரண்டு கைகளும் சூடாக இருந்தன.

சீப்பைக் கீழே வைத்தார். முடியைப் பிடித்திருந்த கையையும் மெல்ல எடுத்தார். முடி சரியவில்லை. ஓர் இழைகூடப் பிசகாமல் கழுத்தோடு இறுகி நின்றது.

"என்னப்பா, முடிஞ்சுதா?"

"இதோ, ஆச்சும்மா."

ரப்பர் பேண்டை அகலமாக விரித்து, எந்த விரலும் உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துப் பார்த்துச் சுற்றினார்.