டப்பாவில் விழாத கொட்டைகள்

தன் குரல் உயரும் ஒவ்வொரு முறையும் அவள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து, அடுப்படி அலமாரியில் இருக்கும் தகர டப்பாவில் போடுவாள்.

யாரும் சொல்லிச் செய்ததன்று. தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை.

தவக்காலம் பிறந்ததும் தெருவார் இறைச்சியை விட்டார்கள். அவள் கத்துவதை விட்டாள். கிள்ளுவதையும்.

ஆறு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு இறைச்சியை விடுவது எளிதாக இருந்திருக்கும்.

தொடக்கத்தில் கொட்டைகள் ஓயாமல் விழுந்தன. பால் பொங்கி வழிந்தால் ஒன்று. பள்ளிச் சட்டையில் மை கொட்டினால் ஒன்று. டப்பாவில் அது விழுந்து ஒலித்ததும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நிற்பாள்.

மூத்தவள் பெனிட்டா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிறகு, மெல்ல மெல்ல, டப்பா ஓய்ந்தது.

வீடு அடங்கிற்று. ஒருவரும் அழவில்லை. எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை. தாயம் ஆட உட்கார்ந்தால் தெருக்கோடி வரை கேட்கக் கூவும் பெனிட்டா, இப்போது விளையாடவே போவதில்லை. மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் மகிழ்ந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிரகாசி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன மைனி, ஒரு சத்தத்தையும் காணோம்? புள்ளைகள வித்துத் தின்னுட்டியளா?"

அவள் சிரித்தாள். பெருமையோடுதான் சிரித்தாள்.

அந்த ஞாயிறு, தெருப் பெண்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகவே சொன்னாள். பொறுமை ஒரு வீட்டை எப்படி மாற்றிவிடுகிறது என்று. பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

காத்திருந்தாள்.

அழுகை இல்லை. நீயா நானா என்ற சண்டை இல்லை. கோள் சொல்ல ஓடிவரும் காலடி இல்லை.

அந்த அமைதிதான் அவளை உள்ளே இழுத்தது.

அடுப்படித் தரையெங்கும் தோசை மாவு. நடுப்பிள்ளைகள் நால்வரும் மண்டியிட்டு, உடுத்திய துணியாலேயே மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுத்தித் துடைத்தால் வெளியே கேட்டுவிடும் என்பது போல.

கதவு மூலையில் பெனிட்டா. அவளுடைய ஒரு கை கடைக்குட்டி சகாயத்தின் வாயைப் பொத்தியிருந்தது. மறு கை அவன் தொடையில்.

நகத்தை ஊன்றி, திருகி, பிடித்த பிடியை விடாத கிள்ளு.

அந்த ஊரில் வேறு யாரும் அப்படிக் கிள்ளுவதில்லை.

அது அம்மாவின் கிள்ளு.

"மூச்சு காட்டப்பிடாது, லே," பெனிட்டா அவன் காதருகே சீறினாள். "அம்மா நல்லவங்களா மாறிட்டு வாராங்க. கெடுத்துராத."

சகாயத்தின் கண்கள் மட்டும் வழிந்தன. தொடையில் பழைய தடங்கள். சில கறுத்து, சில பழுத்து மஞ்சளாகி.

இப்போதெல்லாம் அவனைக் குளிப்பாட்டுவதும் பெனிட்டாதான். தனக்குக் கிடைத்த அந்த ஓய்வுக்காகவும் அவள் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

கூட்டத்தின் கைதட்டல் காதில் கேட்டது. நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

பெனிட்டா திரும்பினாள். கையைச் சட்டெனப் பின்னால் மறைத்தாள். அவள் கண்கள் முதலில் போனது அம்மாவின் மேல் அல்ல, அலமாரியிலிருந்த டப்பாவின் மேல்.

"சத்தம் வரலியேம்மா," என்றாள். "நான்தான் பாத்துக்கிட்டேன்ல."



அம்மா மாவிலேயே உட்கார்ந்து சகாயத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். தொடையில் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"அழுலே, ராசா."

அவன் அக்காவைப் பார்த்தான். அழலாமா என்று கேட்பது போல.

பிறகு அழுதான். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதான்.

அது அடங்கும் வரை அவள் அசையவில்லை. அடங்கியதும் எழுந்து, டப்பாவை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள்.

கொட்டைகள் சிதறி ஓடின.

அவற்றில் சிலவற்றைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாக மாவு படாத சிமெண்டுத் தரையில் வைத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும் வரை தேய்த்தாள். கரகரவென்ற ஓசை வீடெங்கும் கேட்டது. யாரும் யாரையும் அடக்கவில்லை. அடுப்புக் கரியெடுத்துத் தாயக் கட்டம் கீறினாள்.

"வா, பெனிட்டா. உருட்டு."

பெனிட்டா சுவரோடு நின்றாள். பின்பு, அந்நியர் வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்தாள்.

உருட்டினாள்.

ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளை காட்டியது.

தாயம். அவள் உதடுதான் அசைந்தது.

"எனக்குக் கேக்கலையே," என்றாள் அம்மா. "பிரகாசி அத்தைக்கே கேக்கணும்ல?"

பெனிட்டா அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பார்வை அங்கிருந்து கைகளுக்கு இறங்கியது.

கொட்டைகளோடு சேர்ந்து அம்மாவின் நகங்களும் சதை வரை தேய்ந்திருந்தன.

பெனிட்டா கூவுவதற்கு மூச்சை உள்ளே இழுத்தாள்.