நேற்றுத் தோற்ற ஆட்டம்

மலேசியாவின் பத்தாங் காலி ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாலை வெயில் மேசை வரை வந்து கிடக்கிறது. நேற்றுத் தோற்ற கால்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மறுபடி காட்டுகிறார்கள். பக்கத்து ஊரான ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த லோகேஸ்வரன், சீருடையைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த தன் அணியின் சிவப்பு ஜெர்சியோடு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எதிரே, லோரி ஓட்டும் அவன் கூட்டாளி நாகமணி தேநீரை ஆற்றுகிறான். “கோச்ச மாத்தணும் லா,” என்கிறான். “மாத்தி? அரசாங்கத்தையுந்தான் மாத்துனோம். தோட்டத்து ஆளுங்களுக்கு வீடு வருதுன்னாங்க. எங்கம்மா அந்தப் பழைய லயத்து வீட்டுலயே கண்ண மூடிருச்சு.” நாகமணி மேசையில் சிந்திய தேநீரை விரலால் வழிக்கிறான். மேலே காற்றாடி கரகரவென்று சுற்றுகிறது. “அப்ப இந்தத் தடவ ஓட்டுப் போட மாட்டியா?” லோகேஸ்வரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போடுவேன்டா. போடாம எங்க போறது?”

திரையில் அவர்களுடைய ஆட்டக்காரன் பெனால்டி அடிக்கப் பந்தை வைக்கிறான். அது கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பும் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். லோகேஸ்வரனுக்கும் தெரியும். நேற்று இதைப் பார்த்துத்தான் இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்தான். இருந்தும் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து நிற்கிறான். “போ... உள்ள போ...” என்று உதடுகள் கெஞ்சுகின்றன. பந்து கம்பத்தில் மோதுகிறது. அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் தோற்றவனைப் போல உட்காருகிறான்.