பச்சை நாலு, ரோஸ் நாலு

ஓத்திலியா கையில் அவித்த முட்டையின் மஞ்சள் கரு. அவள் புருஷன் பிதென்சியோ கையில் தர்பூசணித் துண்டு. கொல்லையில் ஆளுக்கொரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் கூடையோடு நான். கூடைக்குள் எட்டுக் கோழிக்குஞ்சுகள்.

எந்தக் குஞ்சு யார் கையைத் தேடி வருகிறதோ, அது அவருக்கு. அத்தோடு அவர்கள் கல்யாண உறவும் அறுந்தது. அவன் பங்குக்கு வந்த கட்டில், மொரேலியா போகிற லாரிக்காக ஏற்கெனவே வாசலில் கிடந்தது.

யோசனை என்னுடையதுதான். கல்யாணத்தன்று பலிபீடத்துக்கு முன்னால் இருவர் தோளையும் சேர்த்துக் கயிறு போட்ட ஞானத்தாய் நான்; கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் வீடும். எங்கள் ஊரில் கயிறு போட்டவளைக் கேட்காமல் யாரும் பிரிந்துவிட முடியாது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மாமியார் வீட்டு விருந்தில் ஓத்திலியா வைத்த மிளகாய்க் குழம்பை, அவன் தண்ணீரில் கழுவிவிட்டுக் கறியைத் தின்றானாம். அவ்வளவுதான்.

கட்டில், வானொலி, சோளம் அரைக்கிற மிஷின் எல்லாவற்றையும் நல்லபடியாகப் பிரித்துவிட்டார்கள். குஞ்சுகளில் வந்து மாட்டிக்கொண்டார்கள். திருவிழாவில் சாயம் போட்டு விற்ற குஞ்சுகள். பச்சை நாலும் அவன் வாங்கியது, ரோஸ் நாலும் அவள் வாங்கியது. மூன்றே வாரத்தில் சாயம் போய், இறகு முளைத்து, எட்டும் வெள்ளை வெளேரென்று நின்றன. இனி எது பச்சை, எது ரோஸ் என்று எந்தக் கழுதைக்குத் தெரியும்?

“ஆளுக்கு நாலா எடுத்துக்குங்களேன், சனியன் விட்டதுன்னு!” என்றேன்.

“அவளோட குஞ்சு ஒண்ணு எங்கூட வந்துட்டா, அதையே சாக்கா வெச்சு என்னைப் பாக்க வருவா, ஞானம்மா.”

“ஆமா, வந்து கிழிச்சேன்!”

சுவர் மேல் தெருவே ஏறி உட்கார்ந்திருந்தது. அவித்த சோளக்காரர் வண்டியைக் கொல்லைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பாதிரியார் ஏதோ அந்த வழியாகப் போகிறவர்போல நின்று சோளம் கடித்துக்கொண்டிருந்தார்.

கூடையைத் திறந்தேன்.

ஓத்திலியா கொஞ்சினாள். பிதென்சியோ விசிலடித்தான். அந்த வீட்டில் குஞ்சுகளுக்குக் கடைத் தீவனம் தவிர வேறெதையும் காட்டியதில்லை. பழகாத குஞ்சுக்குப் புதுத் தீனி என்றால் பேய். சிவப்பாக ஒன்று ஆடுகிறது, மஞ்சளாக ஒன்று வருகிறது. எட்டும் ‘கீச்’சென்று அலறித் திரும்பி, ஒரே ஓட்டமாக என் ஏப்ரனுக்குள் புகுந்தன.

ஒன்று என் செருப்பில் ஏறிக்கொண்டது. ஒன்று என் உள்ளங்கையைக் கொத்தியது.



“பேசினது பேசினதுதான். எட்டும் எனக்கு” என்றேன்.

“அடிப்பாவி! கயிறு போட்ட கையாலயே கழுத்தறுத்துட்டாளே!” என்று ஓத்திலியா அலறினாள்.

“நீ உள்ள வா. இந்தக் கிழவியோட இனி நமக்கென்ன பேச்சு?” என்றான் அவன்.

ஐம்பது வயதில் கிழவியாம்! ஆனால் ‘நமக்கு’ என்றான். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

லாரி வந்தது. ஹார்ன் அடித்தது. அவன் ஒரு முனை, அவள் ஒரு முனை பிடித்துக் கட்டிலைத் தூக்கினார்கள். என்னை மாறி மாறித் திட்டிக்கொண்டே அதை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். எவ்வளவு ஒற்றுமையான திட்டு!

இன்றுவரை இருவரும் பேசுவதில்லை, என்னோடு. கோயிலில் என்னைக் கண்டால் கை கோத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள்.

போகட்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஏப்ரனைக் கழற்றி உதறினேன். பையிலிருந்து சோள ரொட்டித் தூள் கொட்டியது. எட்டும் பாய்ந்து வந்தன.

திருவிழாவில் ஆளுக்கொரு நிறமாக வாங்கினார்களே, அன்றே எனக்குத் தெரியும் இது எங்கே போய் நிற்கும் என்று. மறுநாளிலிருந்து, சுவர் ஓட்டை வழியாக, தீனி செரிக்க முதலில் கொஞ்சம் மணல், அப்புறம் ஒரு சிட்டிகை ரொட்டித் தூள். தினம் இதே ஏப்ரன்.