மேனேஜருக்குச் சால்வை

சால்வையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை.

மலேசியாவின் ஈப்போவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் பன்னாட்டுத் தொழிற்கல்விப் பயணம் வாழையிலை முன்னால் பாதித் தூக்கத்தில் இருந்தது.

காலையில் ரப்பர் ஆலையின் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலாளர் விடுப்பாம்.

துறைத் தலைவர் ஞானதிரவியம் ஆலைக்காக வருந்தவில்லை. மேலாளருக்குப் போர்த்தவிருந்த சால்வைக்காக வருந்தினார். கல்லூரிக்கு மதிப்பெண் போட வருகிறவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். மாணவர் கையால் போர்த்தினால் மதிப்பெண் கூடுதல்.

கடையைச் சுற்றிப் பார்த்தார். சாம்பார் வாளியோடு வந்தவரிடம் கண் நின்றது. நல்ல உயரம். நரைத்த மீசை.

"அண்ணாச்சி, வாளியக் கீழ வைங்க. இந்தக் கோட்டப் போடுங்க. ஒரே ஒரு போட்டோ. ரப்பர் ஃபாக்டரி மேனேஜர்னு போட்டுக்கிடுதோம்."

மாணவர்கள் தூக்கம் கலைந்து சிரித்தார்கள்.

"மேனேஜர் சார், இங்க ஒரு அப்பளம்!"

அவள் சிரிக்கவில்லை.

அப்பாவை நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறாள்.

அப்பா மலேசியாவில் மேனேஜர். விடுதியில் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். சொல்லிவைத்திருப்பதைப் போனில் அவரிடமும் சொல்லியிருந்தாள்.

பேருந்து இந்தக் கடையில் நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். நிற்கக் கூடாது என்றும்.

இலை போடும்போதே அவர் லேசாகத் தலையசைத்துவிட்டார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பிறகு அவள் இலையில் மட்டும் பொரியலை இரண்டாவது முறையும் வைத்தார்.

"ஏம்மா, சால்வையக் கையில வச்சிக்கிட்டு என்ன யோசன? போர்த்து."

கோட்டின் தோள்கள் அவருக்குத் தொங்கின. அருகே போனதும் சாம்பார் வாசனை. அவள் எக்கினாள். அவர் குனிந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"நல்லாச் சாப்டியா ஆத்தா?"

அவளுக்கு மட்டும் கேட்டது.

படம் எடுத்தாயிற்று. மேசைகளிலிருந்து கைதட்டல்.

ஞானதிரவியம் கோட்டைத் திரும்ப வாங்கி உதறி மாட்டிக்கொண்டார்.

"அந்தச் சால்வையையும் வாங்கி வையிம்மா. நாளைக்குப் பினாங்குல ஒருத்தருக்கு வேணும்."

அப்பா அதற்குள் மடித்திருந்தார். மேசைத் துணியை மடிப்பதுபோல, நாலாக. இரண்டு கையாலும் நீட்டினார்.

வெளியே பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.

அவள் வாங்கவில்லை.

"சார், இன்னொரு தடவ எடுக்கணும்."

"எதுக்கு?"

"எங்க அப்பா கண்ண மூடிட்டாரு."

எங்கோ ஒரு மேசையில் அப்பளம் நொறுங்கிய சத்தம் கடை முழுக்கக் கேட்டது.