பனிக்காலம் யாருக்கு?

லண்டன் நோர்பரி வீட்டு ஹாலில் நான்கு ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள். பருவத்துக்கு ஒன்றாக, விளையாடும் குழந்தைகள். அவற்றின் முன் நின்று பத்ரிநாராயணனும் சுலோச்சனாவும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டம் விடுற வசந்தமும் மின்மினி பிடிக்கிற கோடையும் எனக்கு" என்றார் பத்ரிநாராயணன்.

"நல்லாருக்கே! இலையுதிர்காலமும் பனியும் மட்டும் என் தலையிலயா?"

"பனிப்பொம்மை அழகாத்தானே இருக்கு?"

"அப்ப அதை நீங்களே எடுத்துக்குங்க!"

முதல் ஸ்கேன் முடிந்து உள்ளே வந்த லக்ஷ்மிப்ரியா சிரித்தாள். "அப்பா, அத்தை! ஆளுக்கு ஆறு மாசம்தான் விசா. குழந்தையைப் பார்த்துக்க யாரு எப்ப வர்றீங்கன்னு இன்னும் முடிவாகலையா? டாக்டர் தேதி சொல்லிட்டாங்க. டிசம்பர் கடைசி."

அப்பாவும் மாமியாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்:

"எனக்குக் குளிர்னா உயிர்!"